நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆடிட்

1

என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஒளிக்கவில்லை, நிஜமாகவே தெரியாது.

நெதர்லாந்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்க நகராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். போன மாதம் போனேன். கவுண்டரில் இருந்த அம்மையார், கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சுக்காக, உங்கள் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டச்சில், செத்துப்போனவர்களோடு வேலை செய்கிறாள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ரொம்பக் கடினமான வேலை, எல்லோராலும் முடியாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அடக்கம் செய்கிற கம்பெனி என்று நினைத்துக்கொண்டார் போல. நான் திருத்தவில்லை. அதை விளக்க என் டச்சு போதாது. தமிழே போதாது.

நஸ்ரின் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். கப்பல்கள் துணியும் மிளகும் ஏற்றிக்கொண்டு உலகம் பூராவும் அலைந்த காலத்தை, அதாவது முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தைய காலத்தை, அங்கே சிலர் ஆராய்கிறார்கள். ஆராய்ந்து புத்தகம் எழுதுகிறார்கள். அந்தப் புத்தகங்களை அவர்களே மாற்றி மாற்றிப் படித்துக்கொள்கிறார்கள். இது நியாயமில்லை, வரி கட்டுகிற ஜனங்களுக்கும் இதில் பங்கு வேண்டும் என்று யாருக்கோ தோன்றி, ஆராய்ச்சியை ஜனங்களிடம் கொண்டுபோக ஓர் ஆளைப் போட்டார்கள். அந்த ஆள்தான் என் மகள். சந்தைக்குப் போகிறாள், நூலகத்துக்குப் போகிறாள், முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். செத்து முந்நூறு வருஷம் ஆனவர்களைப் பற்றி, இனி அதிக வருஷம் இல்லாதவர்களிடம் பேசுகிறாள். இதற்குச் சம்பளம் தருகிறார்கள். லீவும் தருகிறார்கள்.

திருப்பூர்க்காரன் மூளைக்கு இது இடிக்கிறது. எங்களூரில் எதைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்போம். சரக்கு வாங்குகிற பையர் யார், மார்ஜின் என்ன, ஷிப்மென்ட் எப்போது. நஸ்ரின் வேலையில் மூன்றுக்கும் பதில் கிடையாது. அப்படியானால் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி திறக்கிறேன். உள்ளே டீ-ஷர்ட். பாதிப் பெட்டிகள் திருப்பூரிலிருந்து வருபவை. ஊரை விட்டு ஓடிவந்தவனை ஊர் பெட்டி பெட்டியாகத் துரத்திக்கொண்டு வருகிறது. நல்லதை ஒரு பக்கம், தையல் கோணியதை ஒரு பக்கம் பிரித்துப் போட வேண்டும். திருப்பூரில், எங்கள் நல்லூர்ப் பக்கம், என் அக்கா இதைக் குவாலிட்டி மேனேஜர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். நானும் மறுக்கவில்லை. மறுத்தால் அக்காவைப் பொய்க்காரி ஆக்கியது போல ஆகிவிடுமே.

2

ஒருநாள் சாப்பிடும்போது நஸ்ரின், திருப்பூரில் ஒரு கூட்டம் போட வேண்டும் என்றாள். நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அவள் ஆபீஸ் வெளிநாட்டில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, மூன்று வருஷம் அங்கேயே வேலை செய்யப்போகிறது. போட்டியில் இரண்டு ஊர்கள். ஒன்று கடற்கரையில், அருங்காட்சியகம் எல்லாம் இருக்கிற ஊர். இன்னொன்று நஸ்ரின் சண்டை போட்டுச் சேர்த்த திருப்பூர். இரண்டிலும் ஒவ்வொரு கூட்டம் நடத்தி, வந்த ஜனங்கள் பேசியதைப் பதிவுசெய்து கொண்டுவர வேண்டும். எங்கே ஜனங்கள் மனசு விட்டுப் பேசுகிறார்களோ அந்த ஊர். திருப்பூர் ஜெயித்தால் நஸ்ரின் வருஷத்தில் பாதி நாள் அங்கே இருப்பாள்.

அவளுக்கு அது வேண்டும். எனக்கு அவளைவிட அதிகமாக வேண்டும். சின்ன வயசில் விடுமுறைக்குக் கூட்டிப்போனால், எப்ப நம்ம வீட்டுக்குப் போவோம் என்று அழுத பிள்ளை. பத்து வயசில் 'உங்க ஊரு' என்று சொல்லிக் கணக்கைத் தீர்த்துவிட்டாள். அன்று சாப்பாட்டு மேஜையில், "நம்ம ஊர்ல எல்லாருக்கும் துணி தெரியும் அத்தா, அவங்ககிட்டதான் கேக்கணும்" என்றாள். நம்ம ஊர்! நான் சந்தேகத்தோடு என் மனைவியைப் பார்த்தேன். அவளும் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும்?

நஸ்ரின் தமிழ் எங்கள் வீட்டில் கற்ற தமிழ். 'ங்க' போடாமல் பேசினால் அடி விழும் என்று வளர்த்ததில், பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட உள்ளே வாங்க என்றுதான் கூப்பிடுவாள். ஊரில் எடுபடும் என்று நம்பிக்கையோடு போனைக் கையில் எடுத்தேன்.

3

நான் கூப்பிட்டது அக்கா புருஷனை. மச்சான் என்று மட்டும் சொல்கிறேன். நல்லூரில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் மாடியில் ஒரு பனியன் கம்பெனி, வாசலில் ஒரு மச்சான். கண்டுபிடிக்க முயல வேண்டாம். மற்ற பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் இது அச்சுக்குப் போகிறது. மச்சான் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். அவர் தொப்பையைப் பற்றி ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன்.

உங்கள் கம்பெனி பேக்கிங் ஹாலை ஞாயிற்றுக்கிழமை ஒரு மத்தியானம் தர முடியுமா, வேலைக்காரர்களோடு நஸ்ரின் பேச வேண்டும் என்று கேட்டேன். எதைப் பற்றி என்றார். நானூறு வருஷத்துக்கு முந்தைய நெசவாளர்களைப் பற்றி என்றேன்.

"எந்த நாட்டு யுனிவர்சிட்டி?"

சொன்னேன்.

"என் பையரும் அதே நாடுதானே மாப்ளே?"

"ஆமாங்க மச்சான்."

எந்த ஞாயிறு என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் கம்பெனிகள் எங்களூரில் துணி வாங்குமுன் ஆடிட்டரை அனுப்புவார்கள். கணக்குப் பார்க்கிறவர் இல்லை. எத்தனை மணி நேரம் வேலை, வயசு என்ன, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவீர்கள் என்று தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பவர். சில ஆடிட் சொல்லிவிட்டு வரும். சில சொல்லாமல் வரும். மச்சானுக்கு அது சொல்லாத ஆடிட் வர வேண்டிய மாசம். அதில் தேறினால்தான் அடுத்த ஆர்டர்.

இவ்வளவும் தெரிந்த நான், மச்சான் உடனே சரி என்றதும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "நம்ம ஊட்டுப் புள்ளை, வரட்டும்" என்றார். என் புத்தி அன்றைக்கு லீவு.

நாங்கள் போய் இறங்கியபோது கம்பெனி கல்யாண வீடு மாதிரி இருந்தது. தரையில் நடைபாதைக்கான மஞ்சள் கோடு புதுசாக அடித்திருந்தது. காயவில்லை என்பது என் ஷூவுக்குத்தான் முதலில் தெரிந்தது. முதலுதவிப் பெட்டி மூட முடியாத அளவுக்கு நிரம்பியிருந்தது. குழந்தைகள் அறையில் ஓர் ஆடும் குதிரை, கடையில் சுற்றிய பிளாஸ்டிக் கவரோடு நின்றது. டெய்லர்கள் எல்லோரும் முகத்தில் மாஸ்க், தலையில் வலை. மச்சான் கழுத்தில் ஓர் அடையாள அட்டை. அதில் அவர் படம், கீழே 'உரிமையாளர்'. சொந்தக் கம்பெனிக்குள் நுழைய அட்டை மாட்டிய மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

"எவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க மாமா" என்று நஸ்ரின் நெகிழ்ந்து சொன்னாள். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில், பாஸா ஃபெயிலா என்ற கேள்வி இருந்தது.

4

பேக்கிங் மேஜை மேல் நஸ்ரின் பெரிய பெரிய படங்களை விரித்தாள். அந்தக் காலத்துத் துணிகள். இந்தப் பக்கத்துக் கடற்கரையில் கப்பல் ஏறி, இப்போது ஐரோப்பாவில் கண்ணாடிக்குள் இருப்பவை. பெண்கள் நெருங்கி வந்து பார்த்தார்கள். ஒருத்தி விரலால் படத்தையே தடவிப் பார்த்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

நஸ்ரின் ரெக்கார்டரை மேஜையில் வைத்து, ஆபீஸ் கொடுத்தனுப்பிய அறிவிப்பை வாசித்தாள். உங்கள் குரல் பதிவு செய்யப்படும். உங்கள் பெயர் வெளியே வராது. நீங்கள் சொல்வதால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது. விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

ஹாலில் இருந்த எல்லோர் முதுகும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. ஆடிட்டரும் வரிக்கு வரி இதையேதான் வாசிப்பார். அங்கே துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்காருகிற யாரைக் கேட்டாலும் தூக்கத்தில் ஒப்பிப்பார்கள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். வந்துவிட்டது. சொல்லாத ஆடிட், சொந்த மருமகள் வேஷத்தில் வந்துவிட்டது.

நஸ்ரின் முதல் கேள்வி கேட்டாள். இந்தத் துணியை நெய்தவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

"எட்டு மணி நேரங்க. ஓவர்டைம் அவங்கவங்க இஷ்டங்க."

நஸ்ரின் கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டுக் குழந்தைகளும் வேலையில் உதவியிருப்பார்களா என்றாள். இல்லீங்க, பதினெட்டு வயசுக்கு மேல்தானுங்க, ஆதார் பார்த்துத்தானுங்க எடுத்திருப்பாங்க என்று பதில் வந்தது. சாயம் போடும்போது கையெல்லாம் என்ன ஆகியிருக்கும் என்றாள். கையுறை கொடுத்திருப்பாங்க என்றார்கள். யாரும் எதுவும் கேட்காமலேயே பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, தீப்பிடித்தால் இந்த வழியாகத்தான் போவோம் என்று கதவைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நஸ்ரின் சிரிக்கவில்லை. ரெக்கார்டரைப் பார்த்தாள், மாஸ்க் முகங்களைப் பார்த்தாள், சுவரோரம் அட்டையோடு நின்ற மாமாவைப் பார்த்தாள். அவளுக்கும் புரிய ஆரம்பித்தது. மூன்று வருஷம், பாதி நாள் நல்லூர் எல்லாம் அந்தச் சின்ன மெஷினுக்குள் எட்டு மணி நேரமாகவும் கையுறையாகவும் போய்க்கொண்டிருந்தது.

அவள் கேள்வியை விட்டுவிட்டாள். கதையாகச் சொல்ல ஆரம்பித்தாள். கடற்கரைக் கிடங்குக்குத் துணி வரும். கப்பல் கம்பெனி ஆள், கையில் ஒரு மாதிரித் துணி வைத்துக்கொண்டு, வந்ததை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். இது நல்லது, இது மட்டம், இது வேண்டாம் என்று பிரித்துப் போடுவான். மட்டம் என்றால் விலை இறங்கும். இந்தப் பிரிப்பை வைத்தே நிறையத் தகராறு நடந்திருக்கிறது.

இதைக் கேட்டதும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்னைக் குவாலிட்டி மேனேஜர் என்று அக்கா ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தாளே, அதன் பலன். நான் ஷூவில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

செல்வி என்று ஓர் ஓவர்லாக் டெய்லர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து பல வருஷம் ஆகிறது, பேச்சு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. அவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார்.

"ஏந்தாயி, அவென் பிரிக்கும்போது நெய்தவுக பக்கத்துல நின்னாகளா?"

"சரியாத் தெரியலைங்க அக்கா. எழுதி வெச்சதெல்லாம் பிரிச்சவங்க. நெய்தவங்க சொன்னது ரொம்பக் கொஞ்சந்தான் கெடைச்சிருக்கு. அதனாலதான் உங்ககிட்டக் கேக்கலாம்னு வந்தேன்."

செல்வி மேஜையைக் காட்டினார். "அப்ப அதை அமத்திட்டுக் கேளு. மொதலாளியும் உங்கத்தாவும் கொஞ்சம் வெளிய நிக்கட்டும்."

ரெக்கார்டரை அணைத்தால் ஆபீஸுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அது நஸ்ரினுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கண்ணால், வேண்டாம் கண்ணு என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே அணைத்தாள்.

5

மச்சானும் நானும் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றோம். மற்ற நாட்களில் அது ஓடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை, கரண்டும் இருந்தது. அப்படியும் ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் தெருவில் போன ஒவ்வொரு காரையும் நம்பர் பிளேட் வரை பார்த்தார்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சிரிக்கறாங்க மாப்ளே."

"நல்லதுதானுங்களே மச்சான்."

"ஆடிட்ல யாரும் சிரிச்சதில்லை" என்றார்.

பிறகு சிரிப்பு நின்றது. அது அவரை இன்னும் பயமுறுத்தியது. டீ கொடுக்கிற சாக்கில் என்னை உளவு பார்க்க அனுப்பினார். தட்டோடு உள்ளே போனேன். பேச்சு அப்படியே நின்றது. எல்லோர் மாஸ்க்கும் கழுத்தில் கிடந்தது. நஸ்ரின் பேக்கிங் மேஜை மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக்கொண்டார்கள். டீ நல்லா இருக்குங்கண்ணா என்றார்கள். நான் நின்றேன். அவர்களும் நான் போகட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். வெளியே வந்து, டீ நன்றாக இருக்கிறதாம் என்று மச்சானிடம் தகவல் சொன்னேன்.

வெளிச்சம் மங்குகிற நேரத்துக்குத்தான் விட்டார்கள். அக்கா வீட்டுக்கு நடந்து போகும்போது, உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். துணியைப் பற்றி என்றாள். துணியைப் பற்றி என்ன, யார் சொன்னது, மச்சானைப் பற்றி ஏதாவது உண்டா என்று விடாமல் கேட்டேன். அவள் நடையை நிறுத்தினாள்.

"அத்தா, ஆடிட்டர் மாதிரிக் கேக்கறீங்க."

இன்றுவரை எனக்குத் தெரியாது.

6

திரும்பி வந்ததும் ஆபீஸில் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். மொழிபெயர்த்தவரும் உண்மையாகவே மொழிபெயர்த்துவிட்டார். பதினேழாம் நூற்றாண்டு நெசவாளர்கள் எட்டு மணி நேரம் வேலை செய்ததாகவும், கையுறை அணிந்ததாகவும், அவசர வழி வைத்திருந்ததாகவும் திருப்பூர் மக்கள் நம்புகிறார்கள். ஒரு பேராசிரியர் இது மிகச் சுவாரசியமான நம்பிக்கை, இதைத் தனியாக ஆராயலாம் என்றாராம். மற்றவர்கள் கடற்கரை ஊர்ப் பக்கம் சாய்ந்தார்கள். அங்கே வந்த ஜனங்கள் மணிக்கணக்காக மைக்கில் பேசியிருந்தார்கள்.

ஆனாலும் நஸ்ரினுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். உங்கள் கூட்டத்தால் அந்த மக்களின் வாழ்க்கையில் ஏதாவது மாறியதா?

வியாழக்கிழமை சாயங்காலம் மச்சான் கூப்பிட்டார். எடுத்ததும் சலாம்கூடச் சொல்லவில்லை.

"உம் பொண்ணு என்ன மாப்ளே சொல்லிக் குடுத்துட்டு வந்தா?"

நடந்ததை அவரே சொன்னார். செக்கிங்கில் ரிஜெக்ட் ஆகிற பீஸ்களைக் கட்டாகக் கட்டி வைப்பார்கள். இத்தனை போச்சு என்று டெய்லருக்குச் சொல்வதோடு சரி, பீஸைக் காட்டுவதில்லை. காலங்காலமாக அப்படித்தான். இந்த வாரம் செல்வியும் இன்னும் நாலு பேரும் செக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்களாம். சத்தம் போடவில்லை, வேலையை நிறுத்தவில்லை. எங்கள் பீஸை எடுத்து வைக்கும்போது நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம், என்ன தப்பு என்று காட்டுங்கள், அவ்வளவுதான் என்றார்களாம். தினமும் வந்து நிற்கிறார்கள். ஆடிட்டர் இத்தனை தடவை வந்துபோயும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை என்று மச்சான் புலம்பினார். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆள் வந்து என் கம்பெனியைக் கெடுத்துவிட்டான் என்றார்.

நஸ்ரின் போனை வாங்கிக்கொண்டாள். "பக்கத்துல நிக்க விடுங்க மாமா. நின்னா என்னங்க ஆயிரும்?"

மச்சான் பெரிய மூச்சாக விட்டது எனக்கே கேட்டது. நாளையிலிருந்து நிற்கட்டும் என்றார். ஆனால் இந்தப் பேச்சு உங்கள் ஆபீஸுக்குப் போகக் கூடாது, போனால் பையருக்குப் போகும், இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்று என்னைத்தான் கேட்பான் என்றார். போகாது மாமா என்றாள்.

போனை வைத்ததும் நான் குதித்தேன். அல்லாவே கொடுத்த பதில். மாறியதா என்று கேட்கிறார்கள், மாறியிருக்கிறது. எழுது. பெயர் போடாமல் எழுது. ஊர் போடாமல் எழுது. கடற்கரை ஊரில் மைக்கில் பேசினார்களே தவிர யாராவது போய் எதன் பக்கத்திலாவது நின்றார்களா? வருஷத்தில் பாதி நாள் நீ நல்லூரில் இருக்கலாம் கண்ணு என்றேன். கடைசியில் கெஞ்சவே செய்தேன்.

திருப்பூர் என்று தலைப்புப் போட்ட தாளில் ஊர் போடாமல் எப்படி எழுதுவது என்று கேட்டாள். உள்ளே பேசியது வெளியே போகாது என்று செல்வியக்காவுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள். லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று தட்டி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் கடற்கரை ஊர் முடிவானது.

சேதியை மச்சானுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை என்று கூப்பிட்டேன். நஸ்ரின் எழுதவில்லை, கவலைப்படாதீர்கள் என்றேன். நெசமாவா என்றார். நிஜம்தான், அதனால் அவளுக்குத் திருப்பூர் வேலையே போய்விட்டது என்றேன். இதைக் கேட்டு அவர் நிம்மதி அடைவார் என்று நினைத்தேன். குரலில் இன்னும் சந்தேகம் கூடியது.

"எழுதாம உட்டதுல அவளுக்கு என்ன லாபம் மாப்ளே?"

பக்கத்தில் இருந்தவளிடமே கேட்டேன். அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "டிசம்பர்ல வர்றேன்னு சொல்லுங்க. வேலைக்கு இல்ல, சும்மா. செல்வியக்கா ஊட்டுல தங்கிக்கறேன்" என்றாள்.

அப்படியே சொன்னேன்.



"சும்மான்னா," என்று மெதுவாகக் கேட்டார், "எதுக்கு மாப்ளே?"